டாப் ஸ்டேஷனைக் கடைசிக்கு வைக்காதீர்கள்: மூணாறு பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் போடிமெட்டுச் சாவடியில் தமிழ்நாட்டு வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். தேவிகுளம் பக்கத்து எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, சுற்றுலா வருபவர்களைக் கூட்டிக்கொண்டு போவதையே பிழைப்பாக வைத்திருக்கிறேன். அந்த வண்டிகள் மறுநாள் எந்த நேரத்தில் எங்கே சிக்கிக்கொண்டு நிற்கும் என்பதைச் சாவடியிலேயே சொல்லிவிடலாம். ஆண்டுதோறும் ஆட்கள் மாறுகிறார்கள், தவறுகள் மாறுவதில்லை. தொழிலுக்குப் புதிதாக வரும் ஓட்டுநர்ப் பிள்ளைகளும் அந்த நாளில் நாங்கள் செய்ததையே அட்சரம் பிசகாமல் செய்கிறார்கள்.

ஸ்வெட்டர் எடுத்து வாருங்கள், வாந்தி மாத்திரை வைத்துக்கொள்ளுங்கள், விடுதியை முன்கூட்டிப் பதிவு செய்யுங்கள் என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதைச் சொல்ல உங்கள் வீட்டிலேயே பெரியவர்கள் இருப்பார்கள்.

வழியில் வருவதையெல்லாம் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போவது

மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி சாலையில் கிளம்பினால் முதலில் வருவது வன வளர்ச்சிக் கழகத்தின் மலர்த் தோட்டம். பிறகு மாட்டுப்பட்டி அணை, எக்கோ பாயிண்ட், குண்டளை அணை. 30 கிலோமீட்டரைத் தாண்டினால் கடைசியாக டாப் ஸ்டேஷன். சாலை இந்த வரிசையில் இருப்பதால் பார்ப்பதும் இந்த வரிசையில்தான் இருக்க வேண்டும் என்று யாரோ எழுதி வைத்துவிட்டதுபோல எல்லோரும் நடந்துகொள்கிறார்கள்.

நடப்பது இதுதான். விடுதியில் இட்லி, பூரி, இரண்டாவது காபி எல்லாம் முடிந்து வண்டி கிளம்பும்போது மணி பத்து. மலர்த் தோட்டத்தில் ஒவ்வொரு டேலியாவுக்கும் பக்கத்தில் நின்று படம். மாட்டுப்பட்டியில் படகுக்கு டிக்கெட் வரிசை, கரையில் சுட்ட சோளம். எக்கோ பாயிண்டில் குடும்பமே தொண்டை வறளக் கத்திவிட்டு, எதிரொலி சரியாக வரவில்லை என்று இன்னொரு முறை கத்தும். குண்டளையில் பெடல் படகு. அதற்குள் பசி. டாப் ஸ்டேஷன் போய்ச் சேரும்போது மணி இரண்டரை. காட்சி முனைக்கு இறங்கிக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தால் எதிரே வெள்ளை. கீழேயும் வெள்ளை. பக்கத்தில் நிற்கும் தேநீர்க்கடைக்காரர், அரை மணி நேரத்தில் விலகிவிடும் என்பார். அந்த அரை மணி நேரத்தில் எல்லோரும் தேநீர் குடிப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

டாப் ஸ்டேஷன் நிற்பது மலையின் கிழக்கு விளிம்பில். மாநில எல்லை அங்கேதான். காட்சி முனையிலிருந்து தெரிவது தேனி மாவட்டம். கீழே குரங்கணி, கொட்டக்குடிப் பள்ளத்தாக்கு, வானம் தெளிவாக இருந்தால் அதற்கப்பால் போடிச் சமவெளி. காலையில் வெயில் நேராக அந்தக் கிழக்குச் சரிவில் விழுகிறது. சரிவு சூடாகச் சூடாக, பள்ளத்தாக்கின் ஈரக்காற்று அதை ஒட்டியே மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து, விளிம்பைத் தொடும் இடத்தில் மேகமாகிவிடுகிறது. அதாவது நீங்கள் நிற்கும் இடத்தில்தான் மேகம் பிறக்கிறது. கோடையிலும் பனிக்காலத்திலும் பெரும்பாலும் ஒன்பது, ஒன்பதரை வரை தெளிவு இருக்கும். பதினொரு மணிக்குமேல் பார்ப்பதெல்லாம் அதிர்ஷ்டம். சித்திரை, வைகாசியில் மதியத்துக்குமேல் இடியோடு மழையும் வந்து சேரும்.

சென்ற கோடையில் போடியிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. வீட்டுப் பெரியவருக்கு எழுபதைத் தாண்டிய வயது. பிறந்ததிலிருந்து கீழே இருந்து இந்த மலையைப் பார்த்தவர், ஒரு தடவையாவது மேலே இருந்து ஊரைப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் கிளம்பி வந்திருக்கிறார். பயணத்துக்கே அவர்தான் காரணம். விடியும்போதே நேராக மேலே போய்விடலாம், மற்றதைத் திரும்பும்போது பார்க்கலாம் என்று முதல் நாள் இரவே பேரனிடம் சொன்னேன். அவர் கைப்பேசியில் வழி பார்த்து வைத்திருந்தார். “அண்ணே, போகிற வழியில் இருப்பதை விட்டுவிட்டுப் போய், திரும்பி வந்து பார்ப்பதில் என்ன அர்த்தம்?” என்றார். நானும் அதற்குமேல் பேசவில்லை. மாட்டுப்பட்டிப் படகு வரிசையிலேயே முக்கால் மணி நேரம் போனது. மேலே போனபோது எல்லாம் மூடிவிட்டது. பெரியவர் என் தோளைத் தொட்டு, “தம்பி, போடி எந்தப் பக்கம்?” என்று கேட்டார். கையைக் காட்டினேன். “சரி” என்று சொல்லிவிட்டு வண்டிக்குத் திரும்பி நடந்தார். பேரன் மேகத்துக்குள் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தை என் முகம் காட்டியிருக்க வேண்டும், அன்றைக்கு அவர் என்னிடம் அதிகம் பேசவில்லை.

இந்தத் தவறு ஒரு மதியத்தோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. டாப் ஸ்டேஷனில் ஏமாந்தவர்கள் மறுநாள் காலையில் மறுபடி அங்கே ஓடுவார்கள். அப்போது வரையாடு பார்க்க ராஜமலைக்கு வாங்கிய டிக்கெட் வீண். ராஜமலையை மதியத்துக்குத் தள்ளினால் அங்கேயும் மேகம். ஊர் திரும்ப வேண்டிய நாளில் அறையை இன்னொரு நாள் நீட்டிப்பார்கள், வண்டி வாடகை ஏறும். எல்லாம் முடிந்து வீட்டுக்குப் போய், மூணாறில் ஒன்றுமில்லை என்பார்கள். மலைமேல் பழியைப் போடுவது எவ்வளவு சுலபம்!

வரிசையைத் தலைகீழாக்குங்கள். முதல் வெளிச்சத்தில் கிளம்புங்கள். இருட்டில் வேண்டாம், மாட்டுப்பட்டிப் புல்வெளிகளில் யானைகள் இறங்கும் சாலை அது. வழியில் எங்கும் நிற்காமல் நேராக மேலே. அங்கேயே பசியாறிவிட்டுத் திரும்பும்போது குண்டளை, பிறகு மாட்டுப்பட்டி. படகுகள் எப்படியும் வெயில் ஏறிய பிறகுதான் ஓடத் தொடங்கும், எதையும் இழக்க மாட்டீர்கள். மலர்த் தோட்டத்தை மதியத்துக்குமேல் வைத்துக்கொள்ளுங்கள். மேகம் மூடினாலும் கைக்கெட்டும் தூரத்துப் பூ மறைந்துவிடாது. உச்சி வெயிலில் வெளிறித் தெரியும் சிவப்பும் ஊதாவும் மூடிய வானத்தின் கீழ்தான் முழு நிறத்தோடு நிற்கும். படம் எடுப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஸ்டேஷன் எங்கே என்று தேடுபவர்களுக்கு ஒரு செய்தி. 1908 முதல் மூணாறிலிருந்து இங்கே வரை ஒரு குறுகிய ரயில் பாதை இருந்தது. இங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டக்குடிக்கு இறங்கிய தேயிலைப் பெட்டிகள் அப்புறம் போடிக்குப் போயின. 1924 வெள்ளம் ரயில் பாதையைக் கொண்டுபோய்விட்டது. மேகம் இல்லாத நாளில் அந்தப் பெட்டிகள் இறங்கிய சரிவையாவது பார்க்கலாம்.

கொழுக்குமலைக்குச் சொந்தக் காரில் கிளம்புவது

முடியாது. சூரியநெல்லியில் காரை விட்டுவிட்டு ஜீப் பிடியுங்கள்.

ராஜமலை எப்போதும் திறந்திருக்கும் என்று நினைப்பது

இரவிகுளம் தேசியப் பூங்காவில் சுற்றுலாப் பயணிகளை விடும் பகுதிதான் ராஜமலை. வரையாடுகள் குட்டி போடும் பருவத்தில், வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், பூங்காவை மூடிவிடுவார்கள். தேதியை ஒவ்வோர் ஆண்டும் வனத்துறை அறிவிக்கும். அதைப் பார்க்காமல் மாசியில் வந்து வாசலில் காவலரோடு வாக்குவாதம் செய்பவர்களை ஆண்டு தவறாமல் பார்க்கிறேன். வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு, எங்களை எப்படி விடாமல் இருக்கலாம் என்று ஒருவர் நியாயம் பேசினார். காவலர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்ததுதான் ஆச்சரியம்.

திறந்திருக்கும் மாதங்களிலும் உங்கள் வண்டி வாசலோடு சரி. மேலே வனத்துறைப் பேருந்துதான். இணையத்தில் டிக்கெட் எடுத்துக் காலையின் முதல் நேரத்தில் போய்விடுங்கள். ஆனைமுடி, 2,695 மீட்டர், முழுதாகத் தெரிவது அப்போதுதான். வரையாடுகள் சாலையோரமே வந்து நிற்கும். பிஸ்கட் நீட்டாதீர்கள்.

குறிஞ்சி எங்கே என்று கேட்காதீர்கள். நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, இனி 2030. இடைப்பட்ட ஆண்டுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூப்பது பெரும்பாலும் குறிஞ்சிக் குடும்பத்தின் வேறு இனங்கள். அதைப் படமெடுத்து மலையே நீலமாகிவிட்டதாகக் காணொளி போடுபவர்களை நம்பி வண்டி ஏறாதீர்கள்.

கம்பத்து வானத்தைப் பார்த்துக் குமுளிக்குக் கிளம்புவது

ஆடி மாதம் கம்பத்தில் காற்றுதான் அடிக்கும், மழை இருக்காது. நல்ல வெயில்தானே என்று குடையில்லாமல் கிளம்புவார்கள். லோயர் கேம்ப் வரை சாலை காய்ந்து கிடக்கும். மலை ஏறிக் குமுளியைத் தொடும்போது வைப்பர் போட்டும் முன்கண்ணாடி தெரியாது. தென்மேற்குப் பருவக்காற்று தன் நீரை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, வறண்ட காற்றாகத்தான் கம்பத்துக்கு இறங்குகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பார்க்க வேண்டியது இடுக்கி மாவட்ட எச்சரிக்கை, தேனி மாவட்டத்தினுடையது அல்ல. சிவப்பு எச்சரிக்கை விழுந்தால் படகும் காட்சி முனைகளும் நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் கதை மாறும். வடகிழக்கு மழையில் தமிழ்நாட்டுப் பக்கத்து மலைச்சாலைகளில் பாறை உருளும். இரண்டு பக்கமும் பார்த்துக் கிளம்புவதுதான் எல்லையோரத்து வழக்கம்.

தேக்கடிப் படகில் எழுந்து நிற்பது

2009 செப்டம்பர் 30 அன்று அந்த ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் யானையே வந்து நின்றாலும் உட்கார்ந்தே பாருங்கள்.

யானையைக் கண்டதும் காரைவிட்டு இறங்குவது

இங்கே சில காட்டு யானைகளைப் பெயர் வைத்துக் கூப்பிடுவார்கள். அதனால் அது வீட்டு விலங்கு ஆகிவிடாது.

வேனிலில் காட்டுப் பாதையில் இறங்குவது

2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பங்குனியில் அந்தச் சரிவுகளின் புல் காய்ந்து நிற்கும், ஒரு பொறி போதும். தீ மேல்நோக்கிப் போகும் வேகத்துக்கு மனிதக் கால்கள் ஈடுகொடுக்காது. வனத்துறை அனுமதி இல்லாமல் அழைத்துப் போகிறேன் என்று யாராவது சொன்னால், எவ்வளவு மலிவாகச் சொன்னாலும், அவரோடு போகாதீர்கள்.

தேயிலைச் செடிகளுக்கு நடுவே புகுந்து படம் எடுப்பது

சாலையிலிருந்து பார்த்தால் பச்சைக் கம்பளம் விரித்தது போலத்தான் இருக்கும். உள்ளே கால் வைத்துப் பாருங்கள். மழைநீர் வடிய வெட்டிய கால்வாய்கள் செடிகளுக்கு அடியில் மறைந்திருக்கும், முழங்கால் வரை உள்ளே போய்விடும். கவாத்து செய்த பகுதியில் வெட்டிய தண்டுகள் முளைக்குச்சிகளாக நிற்கும். மருந்து தெளித்த நாள் எது என்று உங்களுக்குத் தெரியாது. மழைக்காலம் என்றால் அட்டை. அது போக, அது ஒரு வேலைத்தலம். எங்கள் வீட்டுப் பெண்கள் எடைக்குக் கொழுந்து எடுக்கிறார்கள். படம் எடுக்கிறேன் என்று மிதித்துப் போகும் ஒவ்வொரு வரிசையும் அவர்கள் கணக்கில் குறையும். அவர்களையே படம் எடுக்க விரும்பினால் கேட்டுவிட்டு எடுங்கள். கூடையை முதுகில் வாங்கிக்கொண்டு போஸ் கொடுப்பதை மட்டும் தயவுசெய்து விடுங்கள்.

ஓட்டுநர் காட்டும் ஏலத்தோட்டத்துக் கடையில் வாங்குவது

அடிமாலி, ஆனச்சால், குமுளி என்று சாலையோரமெல்லாம் சுற்றிக்காட்டும் தோட்டங்கள் உண்டு. தோட்டத்தைப் பார்ப்பதில் தவறில்லை, நன்றாகவே இருக்கும். முதன்முறை வருபவர்கள் ஏலச்செடியின் உச்சியை அண்ணாந்து பார்த்துக் காய் எங்கே என்பார்கள். குனிந்து பாருங்கள். தூரிலிருந்து கிளம்பும் சரம் தரையோடு படர்ந்திருக்கும், காய் அதில்தான். சித்திரையில் வந்து காயைத் தேடாதீர்கள், அறுவடை ஆவணியை ஒட்டித் தொடங்கித் தை வாக்கில் முடிந்துவிடும்.

சுற்றி முடிந்ததும் வெளியேறும் வழி நேராகக் கடைக்குள் போகும். அங்கே நீங்கள் கொடுக்கும் விலையில் ஒரு பங்கு பெரும்பாலும் வண்டி ஓட்டியவருக்கு. எங்கள் தொழிலில் உள்ளவர்களுக்கு இதை எழுதுவது பிடிக்காது, தெரியும். வாங்கத்தான் வேண்டும் என்றால் ஒரு காயை வாங்கி நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே அரி, அதாவது விதை, கருத்து, விரலில் ஒட்டும் பிசுக்கோடு இருந்தால் விளைந்த காய். வெளிறி உலர்ந்திருந்தால் பிஞ்சில் பறித்தது, அல்லது பழையது. ஈர விரலால் தோலைத் தேய்க்கும்போது பச்சை ஒட்டினால் அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். இல்லாவிட்டால் பொறுத்திருந்து, திரும்பும் வழியில் போடியில் இறங்குங்கள். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கும் ஊர் அது. ஏலக்காய்க் கடைகளில் தரம் பிரித்துக் குவித்து வைத்திருப்பார்கள். எட்டு மில்லிமீட்டர் காய் என்று கேளுங்கள். பாயசத்துக்குப் பொடித்துப் போடத்தான் என்றால் அதைவிடச் சின்னதே போதும்.