காட்டு ரோட்டுல பைக் ஓட்டுறவங்க பண்ற தப்புகள்: முன்னாடி போற வண்டியை நம்பாதீங்க

போன சனிக்கிழமை சாயங்காலம் பண்ணாரி கோயில் பக்கத்துல நின்னு டீ குடிச்சிட்டு இருந்தேன். மூணு பசங்க திம்பம் மலைப்பாதை இறங்கி வந்தாங்க, மூணும் புது வண்டி, இன்னும் நம்பர் பிளேட்டுல மாலை கூட கழட்டல. பேச்சு குடுத்தேன். "ஆசனூர் தாண்டும்போதே இருட்டிருச்சுங்ண்ணா, நல்லவேளை ஒரு வேன் கெடைச்சுது, அது பின்னாடியே ஒட்டிக்கிட்டு வந்துட்டோம், மிருகம் வந்தா முதல்ல அதைத்தானே இடிக்கும்"னு ஒரு தம்பி சொன்னான். அதைக் கேட்டதும் என் கை தானா இடது தோளுக்குப் போச்சு. உள்ள எலும்புக்கு வெச்ச பிளேட் இன்னும் இருக்கு. அந்தத் தம்பி சொன்ன அதே வார்த்தையை நானும் பத்து வருஷம் நம்பி ஓட்டினவன்.

அவங்ககிட்ட அங்கயே அரை மணி நேரம் பேசினேன். பேசினதைத்தான் இங்க எழுதுறேன். ஹெல்மெட் போடு, குடிச்சிட்டு ஓட்டாத, காட்டுக்குள்ள எறங்கி போட்டோ எடுக்காத, இதெல்லாம் செக்போஸ்ட் போர்டுலயே இருக்கு, அதை விட்டுடறேன்.

முன்னாடி போற வண்டிக்குப் பின்னாடி ஒட்டிக்கிறது

2017 டிசம்பர். பவானிசாகர்ல ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷம் முடிச்சுட்டு பண்ணாரிக்கு கெளம்பினேன், மணி ஏழு இருக்கும். ரெண்டு பக்கமும் காடு, லைட்டு கெடையாது. எனக்கு முன்னாடி ஒரு பால் வேன் போச்சு. சரி துணைக்கு ஆச்சுன்னு அதுக்குப் பின்னாடி ஒரு பத்து மீட்டர்ல ஒட்டிக்கிட்டேன். அம்பதுல போயிட்டு இருந்தோம். நடுவுல ஒரு தடவை வேனோட பிரேக் லைட் எரிஞ்சு அணைஞ்சுது, ஏதோ குழி போலன்னு நெனச்சேன். அது குழி இல்ல. ஒரு பெரிய காட்டுப்பன்னி வேனுக்கு முன்னாடி தாண்டியிருக்கு, டிரைவர் லேசா மிதிச்சு விட்டுட்டு போயிட்டாரு. கூட வந்த குட்டிங்களும் இன்னொரு பெரிய பன்னியும் ஓரத்துல நின்னிருக்குங்க, வேன் போனதும் அந்தப் பக்கம் போனதோட சேரணும்னு ஒரே ஓட்டமா ரோட்டுல எறங்கிருச்சுங்க. நான் பாத்தது ஒரு கறுப்பு மூட்டை, அவ்ளோதான். அடுத்து நான் தார்ல கெடந்தேன். பிரேக்கைத் தொடவே இல்ல.

இதைப் பல தடவை கணக்குப் போட்டுப் பாத்திருக்கேன். 50 கிலோமீட்டர் வேகம்னா செகண்டுக்கு 14 மீட்டர். பத்து மீட்டர் இடைவெளின்னா எனக்கு கெடைச்சது முக்கால் செகண்டு கூட இல்ல. நல்லா தூங்கி எந்திரிச்ச ஆளுக்கே கண்ணு பாத்து, மூளை புரிஞ்சு, விரல் லீவரை அமுக்க ஒண்ணுலேர்ந்து ஒண்ணரை செகண்டு ஆகும். அப்புறம் வண்டி நிக்க இன்னொரு 14 மீட்டர். ஏபிஎஸ் இருக்குன்னு சொல்வீங்க. பிரேக்கை அமுக்கினாத்தான் ஏபிஎஸ்சுக்கு வேலை.

இந்தத் தப்பு எனக்கு இன்னும் ஏன் எரிச்சலா இருக்குன்னா, இது கவனமில்லாதவன் பண்ற தப்பு இல்ல, ஜாக்கிரதையா போகணும்னு நெனைக்கிறவன்தான் இதைப் பண்றான். பெரியவங்களே சொல்லி அனுப்புறாங்க, "ஏனுங் தம்பி, தனியா போகாத, ஒரு வண்டி பின்னாடியே போயிரு"ன்னு. யானை பயத்துக்கு அது சரி, துணை வேணும். ஆனா மோதுற விஷயத்துல அந்தத் துணைதான் உங்க கண்ணைக் கட்டுது. முன்னாடி என்ன நடக்குதுன்னு வேன் மறைச்சிரும். டெயில் லேம்ப்பையே பாத்துட்டு போறதால ஓரத்து இருட்டு இன்னும் இருட்டாத் தெரியும். ஓரத்துல நிக்கிற மிருகத்துக்கும் இதே கதைதான், வேனோட ஹெட்லைட் மூஞ்சில அடிச்சு, அது கடந்ததும் ஒண்ணும் தெரியாம மெரண்டு நிக்கும், சத்தம் போயிருச்சு, வழி விட்டாச்சுன்னு எறங்கும். சரியா அந்த இடத்துலதான் நீங்க வர்றீங்க.

முன்னாடி ஒரு வண்டி போறது நல்லதுதான், தூரத்துல போகணும். அதை நாலு செகண்டு முன்னாடி விடுங்க, அது ஒரு மரத்தைத் தாண்டினதும் நிதானமா ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு எண்ணி முடிச்சப்புறம்தான் நீங்க அந்த மரத்தைத் தாண்டணும். அப்ப அந்த வண்டி உங்களுக்கு ஒரு லைட்டு மாதிரி, அது வெளிச்சத்துல ரெண்டு ஓரமும் உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். அதோட பிரேக் லைட் ஒரு மினுக்கு மினுக்கினா கூட உடனே ஆக்சிலேட்டரை விட்டுருங்க. குழியா இருந்தாலும் பரவால்ல. இடையில ஒரு கார் புகுந்தா புகட்டும், மறுபடி நாலு எண்ணுங்க.

எனக்கு காறை எலும்பு ரெண்டா உடைஞ்சது, ஆபரேஷனுக்கு மட்டும் ஒண்ணேகால் லட்சம், ரெண்டரை மாசம் வேலைக்குப் போகல. என் பொண்ணுக்கு அப்ப ஒரு வயசு, அவளைத் தூக்க முடியாம கெடந்த அந்த ரெண்டரை மாசத்தை நெனச்சா இப்பவும் மனசு கனக்கும்.

ஒண்ணு தாண்டிருச்சுன்னு ஆக்சிலேட்டர் முறுக்குறது

ரெண்டாவது வரும். புள்ளிமான், பன்னி, காட்டெருமை எல்லாமே கூட்டம். நின்னு பாத்துட்டுப் போங்க.

கண்ணு மின்னும், தெரிஞ்சிரும்னு நம்புறது

மானுக்கு மின்னும், சிறுத்தைக்கு மின்னும், ஊர்ல இருக்கிற நாய் பூனைக்கும் மின்னும். கண்ணுக்குப் பின்னாடி கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கு, அதுல பட்டு வெளிச்சம் திரும்புது. பன்னிக்கு அந்தப் படலமே கெடையாது. நீங்க எத்தனை ஆயிரம் ரூபாய்க்கு லைட்டு மாட்டினாலும் அது கண்ணு மினுங்கி உங்களைக் காப்பாத்தாது. காட்டெருமை அதுக்கு மேல, ஒடம்பு முழுக்க கறுப்பு, முழங்காலுக்குக் கீழ மட்டும் வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி. கோத்தகிரி பக்கம் ராத்திரி ஓட்டுறவங்களுக்குத் தெரியும், முதல்ல நாலு வெள்ளைக் கால் மட்டும்தான் தெரியும், அதுக்கு மேல இருக்கிற ஒடம்பு பக்கத்துல போனாத்தான் தெரியும். பெரிய காளைன்னா ஆயிரம் கிலோவைத் தொடும். லோ பீம் நாப்பது அம்பது மீட்டர் காட்டும்னு வெச்சுக்கங்க. 60ல போனா நிக்கவே கிட்டத்தட்ட 45 மீட்டர் வேணும், 80ல போனா 70 மீட்டர் கிட்ட. 40ல போனா 26 மீட்டர்ல நிறுத்திரலாம். நான் இருட்டுல நாப்பதைத் தாண்டுறதே இல்ல, பின்னாடி எவன் ஹாரன் அடிச்சாலும் ஓரம் ஒதுங்கி வழி விட்டுடுவேன்.

கேட் மூடறதுக்குள்ள பறக்கிறது

மைசூர்-ஊட்டி ரோட்டுல பந்திப்பூர் காட்டு வழியில ராத்திரி ஒம்பதுலேர்ந்து காலைல ஆறு வரைக்கும் 2009லேர்ந்து தடை. திம்பத்துலயும் 2022லேர்ந்து ஹைகோர்ட் உத்தரவுப்படி இரவுக் கட்டுப்பாடு இருக்கு. நல்ல விஷயம், நான் முழுசா ஆதரிக்கிறேன். ஆனா மைசூர்லேர்ந்து லேட்டா கெளம்பிட்டு தமிழ்நாடு எல்லைல இருக்கிற கக்கநல்லா செக்போஸ்ட்டை ஒம்பதுக்குள்ள புடிக்கணும்னு எட்டேகாலுக்கு தொண்ணூறுல வர்ற பசங்களைப் பாத்திருக்கேன். இருட்டத் தொடங்குற அந்த ரெண்டு மூணு மணி நேரம்தான் மானும் காட்டெருமையும் மேய எறங்குற நேரம். லேட் ஆச்சுன்னா குண்டல்பேட்டைல ரூம் போட்டுத் தூங்குங்க, காலைல ஆறு மணிக்கு மேல மெதுவா வாங்க.

ஹேண்டிலை வெட்டுறது

முயல், கீரி, உடும்பு, மரநாய், எதுவா இருந்தாலும் சரி, வெட்டாதீங்க. எனக்கும் அதை ஏத்த மனசு வராது, ஆனா வெட்டினா ஒண்ணு எதிர்ல வர்ற பஸ்சுக்கு முன்னாடி போவீங்க, இல்ல ஓரத்து மண்ணுல சறுக்குவீங்க. வண்டியை நேரா வெச்சு ரெண்டு பிரேக்கையும் அமுக்குங்க. பெருசு வந்தாலும் முதல்ல வேகத்தைக் கொல்லுங்க, வழி தேடுறது அப்புறம். மிருகத்தையே முறைச்சுப் பாக்காதீங்க, கண்ணு போற எடத்துக்குத்தான் வண்டி போகும், காலி எடத்தைப் பாருங்க.

ஹாரன்

வேண்டாம். மெரண்டா எந்தப் பக்கம் ஓடும்னு அதுக்கே தெரியாது.

காட்டுல மட்டும்தான் மிருகம்னு நெனைக்கிறது

எனக்குத் தெரிஞ்சு எங்க பக்கம் பைக்காரங்க அதிகமா விழுறது மயிலால. பொள்ளாச்சி, உடுமலை, அன்னூர்னு தோட்டத்து ரோடு எல்லா இடத்துலயும் காலைல ஆறு ஆறரைக்கு மயில் நிக்கும். காக்கா மாதிரி சட்டுனு எந்திரிக்காது, கொஞ்ச தூரம் ஓடி, அப்புறம்தான் கனமா எழும்பும், எழும்புறது சரியா உங்க நெஞ்சு உயரத்துக்கு. ஆண் மயில் அஞ்சு கிலோ இருக்கும், அதை அறுபதுல வாங்கிப் பாருங்க. எங்க தெருவுல காலேஜ் போற ஒரு பையன் வைசரைத் தூக்கி விட்டுட்டுப் போய் மூஞ்சிலயே வாங்கினான், மூக்குல தையல். ஓரத்துல ஒரு மயில் நின்னா அது உங்க பக்கம்தான் பறக்கப் போகுதுன்னே வெச்சு ஓட்டுங்க.

ரோட்டைப் படிக்காம போறது

காரப்பள்ளம் செக்போஸ்ட் பக்கம் யானைங்க கரும்பு லாரிக்காக காத்து நிக்கிறது ஊருக்கே தெரியும், லாரிக்காரங்க வீசிப் போடுறதும் தெரியும். ரோட்டுல கரும்பு கெடந்துதுன்னா பக்கத்துலயே யானை இருக்கு. வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைங்க. ஈரமான சாணி, புதுசா ஒடிச்ச மூங்கில், இதுவும் அப்படித்தான். யானையைப் பாத்துட்டா நூறு மீட்டர் தள்ளியே நின்னு, முதல் வேலையா வண்டியை வந்த பக்கம் திருப்பி வெச்சுக்கங்க. அப்புறம் காத்திருங்க, அது போற வரைக்கும்.

ஒரு மழை பேஞ்சு நாலு நாள் கழிச்சு ரோட்டோரத்துல பச்சைப் புல் தலை காட்டும். செடியை வெட்டி சுத்தம் பண்ணின ஓரத்துல இன்னும் அதிகம். மான் அங்கதான் வந்து மேயும், காட்டுக்கு உள்ள தேடாதீங்க, வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்துலயே பாருங்க.

தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் போடுறது

வண்டி டேமேஜுக்கு ஒத்த ரூபா வராது. என் வண்டிக்கு வரல.

விழுந்ததும் வண்டியைத் தூக்கப் போறது

நானும் அதைத்தான் பண்ணப் போனேன், தோள் உடைஞ்சது கூடத் தெரியாம. பின்னாடி ஒரு டவுன் பஸ் வந்துது, அந்த டிரைவர் அண்ணன் தூரத்துலயே பாத்துட்டு பஸ்ஸை குறுக்க நிறுத்தி லைட்டைப் போட்டு வெச்சாரு, இல்லேன்னா அடுத்து வர்ற வண்டி என் மேலதான். நீங்க முதல்ல ரோட்டை விட்டு எந்திரிச்சு ஓரத்துக்கு வாங்க, நடக்க முடிஞ்சா மட்டும். கழுத்து வலிச்சா ஹெல்மெட்டைக் கழட்ட விடாதீங்க, 108க்கு அடிக்கச் சொல்லுங்க. அடிபட்ட மிருகம் கிட்ட போகாதீங்க, அடிபட்ட பன்னி திரும்பிப் பாயும். கறிக்குன்னு யாராவது தூக்க வந்தாலும் விடாதீங்க, அடிபட்ட மயிலோட இறகைக் கூட எடுக்காதீங்க, 1972 வனவிலங்கு சட்டத்துல அது கேஸ்.

அப்புறம் பக்கத்துல இருக்கிற ஃபாரஸ்ட் செக்போஸ்ட்டுக்கு அன்னைக்கு ராத்திரியே தகவல் சொல்லிருங்க. நம்ம மேல கேஸ் போட்டுருவாங்களோன்னு பயந்து நான் சொல்லல, வலியில ஆஸ்பத்திரி போயிட்டேன். ரெண்டு நாள் கழிச்சு அந்தப் பக்கம் வேலை பாக்கிற ஒரு வாட்சர் சொன்னாரு, ரோட்டுலேர்ந்து முப்பது மீட்டர்ல புதருக்குள்ள அந்தப் பன்னி மறுநாள் மத்தியானம் வரைக்கும் உயிரோட கெடந்துதுன்னு. சொல்லியிருந்தா அந்த ராத்திரியே யாராவது டார்ச் எடுத்துட்டுப் போயிருப்பாங்க.