முகம் இருந்தால் மட்டும் போர்ட்ரெய்ட் ஆகாது: கறுப்பு வெள்ளையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வண்ணத்தை நீக்கியதுமே எந்தப் படத்துக்கும் ஒரு கனம் வந்துவிடுகிறது. அந்தக் கனத்தைப் பார்த்து எடுத்தவரும் ஏமாறுகிறார், பார்ப்பவரும் ஏமாறுகிறார். படத்தில் ஒரு மனிதர் இருக்கிறார், படம் கறுப்பு வெள்ளையில் இருக்கிறது, ஆகவே போர்ட்ரெய்ட், அதாவது அந்த மனிதரைப் பற்றிய படம், என்று முடிவு செய்துவிடுகிறார்கள். இந்தக் குழப்பத்திலிருந்துதான் மற்றத் தவறுகள் பெரும்பாலும் பிறக்கின்றன.

நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவுகோல் எளிமையானது. படத்தில் இருப்பவரை எடுத்துவிட்டு, அதே உடையில் அதே இடத்தில் வேறொருவரை நிறுத்தினால் படம் மாறிவிடுமா? மாறாது என்றால் அது போர்ட்ரெய்ட் இல்லை. 1932இல் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரெஸோன் பாரிஸில் ஒரு ரயில் நிலையத்துக்குப் பின்னால் எடுத்த படத்தில், தேங்கிய தண்ணீரை ஒருவர் தாவிக் கடக்கிறார். புகைப்பட வரலாற்றின் மிகச் சிறந்த படங்களில் ஒன்று. ஆனால் தாவுகிறவர் யாரென்று நமக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அதே கலைஞர் 1946இல் பாரிஸின் ஒரு பாலத்தில் தத்துவவாதி ழான் பால் சார்த்ரை எடுத்தார். பனிமூட்டம், வாயில் பைப், எங்கோ நழுவும் பார்வை. அங்கே வேறொருவரை நிறுத்திப் பாருங்கள், படமே கலைந்துவிடும். ஒளிக்கற்றைக்குள் நடந்துபோகும் நிழலுருவங்கள், படிக்கட்டில் குடையோடு இறங்கும் உருவம் ஆகியவை முதல் வகையைச் சேர்ந்தவை. அவற்றைப் போர்ட்ரெய்ட் என்று போட்டிக்கு அனுப்பிவிட்டு, ஏன் தேர்வாகவில்லை என்று வருந்துவதில் பயனில்லை.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. போர்ட்ரெய்ட் என்றால் முகம் படச்சட்டத்தை நிறைத்தே ஆகவேண்டும் என்று நினைத்து, நெற்றியையும் காதையும் வெட்டித் தள்ளுவார்கள். ஆர்னால்ட் நியூமன் 1946இல் இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியை எடுத்த படத்தில் பெரும்பகுதி இடத்தைப் பிடித்திருப்பது திறந்து நிற்கும் பியானோ மூடியின் கரிய வடிவம்தான். ஸ்ட்ராவின்ஸ்கி கீழே இடது மூலையில், தலையைக் கையில் தாங்கியபடி, சிறியவராக இருக்கிறார். ஆனாலும் கண் அவரிடம்தான் போய் நிற்கிறது. பியானோவும் வெற்றுச் சுவரும் அவரைப் பற்றியே பேசுகின்றன. அடையாள அட்டைக்கு எடுக்கும் படத்திலோ முகம் முழுவதும் தெரிகிறது. ஆள் இன்னார் என்று அது காட்டிக்கொடுக்கும், அதற்குமேல் எதுவும் சொல்லாது.

எந்த இடத்தில் ஒரு படம் போர்ட்ரெய்ட்டாக மாறுகிறது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் டோரதியா லாங்கின் படவரிசை ஒன்றைச் சொல்வேன். 1936இல் கலிபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்க வந்த தொழிலாளர்களின் முகாமில் ஒரு தாயையும் அவருடைய குழந்தைகளையும் அவர் எடுத்தார். தொலைவிலிருந்து எடுத்த படங்களில் கூடாரம், மூட்டை முடிச்சுகள், குழந்தைகள் எல்லாம் தெரிகின்றன. அவை அந்த முகாமின் வறுமைக்குச் சான்றுகள். பிறகு லாங்க் நெருங்கி வருகிறார். உலகம் அறிந்த அந்தப் படத்தில் இரண்டு குழந்தைகள் தாயின் தோள்களில் முகம் புதைத்துக்கொண்டு கேமராவுக்கு முதுகு காட்டுகிறார்கள். மடியில் கைக்குழந்தை உறங்குகிறது. நம்மை நோக்கியிருக்கும் முகம் ஒன்றே ஒன்று, கன்னத்தருகே விரல்கள், நெற்றியில் சுருக்கம். ஒரே குடும்பம், ஒரே கூடாரம்தான். குழந்தைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் செய்திப்படம் ஒரு பெண்ணின் போர்ட்ரெய்ட் ஆகிவிட்டது. அவர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று உலகுக்குத் தெரிந்தது 1978இல்தான். பெயர் தெரியாத அத்தனை ஆண்டுகளிலும் அது போர்ட்ரெய்ட்டாகவே இருந்தது.

ஆள் கேமராவைப் பார்க்க வேண்டும், தெரிந்தே அமர்ந்திருக்க வேண்டும் என்பதும் கட்டாயமில்லை. வாக்கர் எவன்ஸ் 1938 முதல் 1941 வரை நியூயார்க் சுரங்க ரயில்களில், கோட்டுக்குள் கேமராவை மறைத்துக்கொண்டு எதிரே அமர்ந்தவர்களை எடுத்தார். பாசாங்கு கழன்ற அந்த முகங்களைப் போர்ட்ரெய்ட் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அவற்றைப் புத்தகமாக வெளியிட 1966 வரை அவர் பொறுத்திருந்தார் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். தெருவில் உறங்குகிறவரைத் தெரியாமல் எடுத்து, அன்று மாலையே வெளியிட்டுவிட்டு எவன்ஸைத் துணைக்கு அழைப்பது நியாயமில்லை.

இனி நிறத்தைச் சாம்பலாக்கும் இடத்தில் நடக்கும் தவறுகள். வண்ணத்தில் சரியாக வராத படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிக் காப்பாற்றுவது மிகப் பரவலான பழக்கம். வண்ணத்தில் முகத்தைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டியது பெரும்பாலும் நிறவேறுபாடுதான். பழுப்புத் தோலுக்குப் பின்னால் பச்சை இலைகள் இருந்தால் வண்ணத்தில் இரண்டும் தனித்தனியாக நிற்கும். இரண்டின் பிரகாசமும் ஏறத்தாழ ஒன்று என்றால் சாம்பலில் ஒன்றோடொன்று கலந்துவிடும், முகம் இலைக்குள் மூழ்கிவிடும். பிறகு எவ்வளவு கான்ட்ராஸ்ட் (கருமைக்கும் வெளுப்புக்கும் உள்ள வேறுபாடு) ஏற்றினாலும் இரண்டும் சேர்ந்தேதான் ஏறும். எடுக்கும்போதே கேமராவின் திரையைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி வைத்துக்கொண்டு, ஆளை இரண்டடி நகர்த்தி, முகத்தைவிடத் தெளிவாகக் கருத்த அல்லது வெளுத்த பின்னணியைத் தேடிவிட்டால் தீர்ந்தது.

உதடு காணாமல்போவது இன்னொரு தொல்லை. தோல் சிவப்பு ஒளியை நிறையத் திருப்பி அனுப்புகிறது, உதடும் அப்படியே. லென்ஸுக்கு முன்னால் சிவப்பு வடிகட்டியைப் போட்டாலோ, கணினியில் சாம்பலாக்கும்போது சிவப்பின் பங்கை ஏற்றினாலோ இரண்டும் ஒரே வெளுப்பாகிவிடும். பச்சையை ஏற்றினால் உதடு பிரிந்து தெரியும், ஆனால் தோலின் புள்ளிகளும் தழும்புகளும் கூடவே அழுத்தமாகும். சிவப்பு ஒளியை உணராத பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமில் எடுத்த முகங்களில் உதடுகள் கருத்துக் கிடப்பதற்கும் காரணம் இதுதான்.

இங்கே ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கருத்த தோலைச் சாம்பலாக்கும்போது மென்பொருளில் ஆரஞ்சு நிறத்தின் பிரகாசத்தை மாற்றும் கட்டுப்பாட்டை வலப்பக்கம் தள்ளி வெளுக்க வைப்பது தவறு. பலர் இதை யோசிக்காமலே செய்கிறார்கள், மென்பொருளில் ஒரே இழுப்பில் முடிந்துவிடுகிறது. அதன் விளைவை நெருங்கிப் பாருங்கள். கன்ன எலும்பின் மேல் நின்ற ஒளிக்கும் கன்னக்குழியின் நிழலுக்கும் இருந்த இடைவெளி சுருங்குகிறது, மூக்கின் பக்கவாட்டுச் சரிவு தட்டையாகிறது, முகத்தின் வடிவமே போய்விடுகிறது. எதிரே அமர்ந்தவர் இல்லாமல், அவருடைய சாயலில் வேறொருவர் வந்துவிடுகிறார். அது வெறும் தொழில்நுட்பப் பிழை இல்லை.

வேலை கேமராவிலேயே தொடங்குகிறது. ஒளியை அளக்கும் அதன் மீட்டர் தான் பார்ப்பதையெல்லாம் நடுச்சாம்பலாகக் கருதித்தான் அளவு சொல்லும். கருத்த பின்னணியில் மொத்தச் சட்டத்தையும் அளந்தால் அது எக்ஸ்போஷரை, அதாவது பதியும் ஒளியின் அளவை, கூட்டிவிடும், முகம் வெளிறும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் எடுத்தால் குறைத்துவிடும், முகம் இருண்டுபோகும். முகத்தின் ஒளிபட்ட பகுதியை மட்டும் அளந்து, ஆழ்ந்த கருமையான தோல் என்றால் ஒரு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகவோ இரட்டிப்பாகவோ ஆகும் ஒரு படி) குறையுங்கள், வெளிர்ந்த தோல் என்றால் ஏறத்தாழ ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். கருத்த தோலில் முகத்துக்கு வடிவம் தருவது பெரும்பாலும் அதன்மேல் விழும் பளபளப்பு. ஜன்னல் போன்ற அகலமான ஒளி பக்கவாட்டிலிருந்து வந்தால் அந்தப் பளபளப்பு மெதுவாகப் பரவி எலும்புகளை வரைந்துகாட்டும். பவுடர் போட்டு அதை அமுக்கிவிட வேண்டாம்.

முதியவர்களைக் கண்டால் சுருக்கங்களைக் கூர்மையாக்கிக் கல்வெட்டு மாதிரி ஆக்கிவிடும் பழக்கமும் அலுப்பூட்டுகிறது. அப்படிச் செய்தால் படம் சுருக்கங்களைப் பற்றியதாகிவிடும். அடிமையாகப் பிறந்த வில்லியம் கேஸ்பியை 1963இல் ரிச்சர்ட் அவெடன் எடுத்தார். முகம் சட்டத்தை நிறைக்கிறது, கோடுகள் எதுவும் மறைக்கப்படவில்லை. நம்மைப் பிடித்து நிறுத்துவது என்னவோ கண்கள்தான். முழுக் கூர்மை இல்லை என்பதற்காக ஒரு படத்தைத் தூக்கி எறிவதும் வேண்டாம். ஜூலியா மார்கரெட் கேமரன் 1867இல் எடுத்த விஞ்ஞானி ஹெர்ஷலின் படத்தை இன்றைய ஃபோகஸ் அளவுகோலில் வைத்தால் தேறாது. லென்ஸ் பற்றி ஒரே வார்த்தை: மூக்கு பெருத்துத் தெரிவதற்குக் காரணம் நீங்கள் நெருங்கி நிற்பதே, ஒன்றரை மீட்டராவது தள்ளி நில்லுங்கள்.

தலைப்பு வைப்பதிலும் கவனம் வேண்டும். ‘தனிமை’, ‘காத்திருப்பு’, ‘வாழ்க்கையின் சுவடுகள்’ என்று எழுதியதும் எதிரே இருந்த மனிதர் ஒரு கருத்துக்கு எடுத்துக்காட்டாகிவிடுகிறார். அவெடன் அமெரிக்க மேற்குப் பகுதியில் 1979 முதல் 1984 வரை எடுத்த வரிசையில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே பெயர், பெரும்பாலும் தொழில், ஊர், தேதி என்று மட்டுமே எழுதியிருக்கும். நீங்களும் எடுத்து முடித்ததும் எதிரே இருப்பவரிடம் பெயரைக் கேளுங்கள், போடலாமா என்றும் கேளுங்கள். சம்மதித்தால், அவர் சொல்லும் எழுத்துகளிலேயே தலைப்பாக வையுங்கள்.