கொள்ளைநோயும் வித்தையும் கலந்த நாவலை நாலு பேராகச் சேர்ந்து கதைப்பது எப்படி

உலகத்தில் முக்கால்வாசிச் சனம் ஒரே காய்ச்சலில் போய்விடும். மிஞ்சியவர்களில் சிலருக்குத் திடீரென்று வித்தை கைகூடும், ஒருத்தி தொட்டால் புண் ஆறும், இன்னொருவனுக்கு நாளைக்கு நடக்கப்போவது இன்றைக்கே தெரியும், பிறகு எல்லாரும் இரண்டு பக்கமாகப் பிரிந்து அடிபடுவார்கள். இந்த வகை ஆங்கில நாவல்களை வாசிக்கிற தமிழ்ப் பிள்ளைகள் கொழும்பில் நிறையப் பேர் இருக்கிறார்கள், காலி வீதி பஸ்ஸில் போனில் வாசித்துக்கொண்டு வருகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் வாசித்து முடித்தபின் அதைப் பற்றிக் கதைக்க ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் "நல்லா இருந்துச்சு", "எனக்குப் பிடிக்கேல்லை" என்று இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த இரண்டு நிமிடத்தை இரண்டு மணித்தியாலமாக்க என்ன செய்யலாம் என்பதைத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் ஏழு பேர், வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் கூடுவோம். முதன்முதலில் இப்படி ஒரு நாவலை எடுத்தபோது நான் விட்ட பிழை, எல்லாரும் வந்து இருந்ததும் "புத்தகம் எப்படி?" என்று கேட்டது. இரண்டு பேர் அருமை என்றார்கள். மூன்று பேர் நோய் வரும் பகுதி நன்றாக இருந்தது, மந்திரம் வந்து கெடுத்துவிட்டது என்றார்கள். அதிலேயே வாக்குவாதம் பிடித்து, பிடித்தவர்கள் பிடிக்காதவர்களுக்குப் புரியவைக்கப் பார்த்து, எட்டு மணிக்கு எல்லாரும் களைத்துவிட்டோம். இதற்குள் ஒரு அக்கா ஒரு சொல்லும் கதைக்காமல் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டா. 2021இல் அவவுடைய அப்பா கொவிட்டில் போனவர் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் யோசிக்கவில்லை. அந்த நாளுக்குப் பிறகுதான் இதையெல்லாம் மாற்றினோம்.

முதலில் லேசான விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். ஆட்கள் ஐந்து முதல் எட்டுப் பேர் போதும், அதற்கு மேல் போனால் இரண்டு பேர் கதைப்பார்கள், மற்றவர்கள் கேட்பார்கள். போயா நாள் நல்லது, எல்லாருக்கும் லீவு, வீதியும் அமைதி. புத்தகம் பெரும்பாலும் ஐந்நூறு பக்கத்துக்கு மேல் இருக்கும், ஆகவே குறைந்தது ஆறு கிழமை கொடுங்கள். இடம் இல்லையென்றால் யாராவது ஒருவர் வீட்டு விறாந்தை போதும். ஆளுக்கொரு பிரதி வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம், ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

அடுத்தது முக்கியமானது. புத்தகத்தைக் கையில் கொடுக்கும்போதே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். கதையைச் சொல்லத் தேவையில்லை, பாரத்தைச் சொன்னால் போதும். குழந்தை சாகும் இடம் இருக்கிறது, ஆஸ்பத்திரிக் காட்சி நாற்பது பக்கம் வருகிறது, உடல்களை ஒன்றாக எரிக்கிறார்கள் என்று. இப்படிச் சொன்னால் சுவை போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். நம் பாட்டிமார் கதையின் முடிவைத் தெரிந்துகொண்டுதான் விடிய விடியக் கூத்துப் பார்த்தார்கள், ஒன்றும் குறையவில்லை. எதையாவது வாசிக்க முடியாது என்றால் தாண்டிவிட்டு வரலாம் என்பதையும் சொல்லுங்கள்.

சரி, எல்லாரும் வாசித்துவிட்டு வந்து இருக்கிறார்கள். முதல் கேள்வி இதுதான்: "எந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்தீர்கள்?"

நித்திரை வந்து மூடியதைக் கேட்கவில்லை. இனி வாசிக்க ஏலாது என்றோ, ஒரு சொல்லைப் பார்த்ததும் வேறு நினைவு வந்தோ, கோபத்திலோ மூடிய இடம். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் இருக்கும். பிடித்ததா பிடிக்கவில்லையா என்று கேட்டால் ஆட்கள் தீர்ப்புச் சொல்வார்கள், பக்கத்தைக் கேட்டால் தங்களைச் சொல்வார்கள். எங்களில் ஒரு தம்பி, கடை அலுமாரிகள் வெறுமையாகும் காட்சியில் மூடியிருந்தான். மார்ச் 2020இல் அவனுக்குப் பதினாலு வயது. 20ஆம் திகதி மாலை ஆறு மணிக்கு ஊரடங்கு என்று அறிவித்ததும் அம்மாவோடு கடைக்கு ஓடினதும், அரிசி முடிந்துபோய் ஒரு பை கடலைப்பருப்போடு திரும்பினதும் அவனுக்கு அந்தப் பக்கத்தில் வந்தது. கொழும்பில் அந்த ஊரடங்கு மே கடைசிக் கிழமை வரைக்கும் தளரவில்லை, மரக்கறி லொறி ஒழுங்கைக்குள் வரும் சத்தத்துக்குக் காத்திருந்த நாட்கள் அவை. நாவலாசிரியர் வேறு நாட்டுக் கடையை வைத்து எழுதியிருக்கிறார், இவன் வெள்ளவத்தைக் கடையை வாசித்திருக்கிறான். இதைக் கேட்டவுடன் மற்றவர்களும் திறந்துவிட்டார்கள். ஆகவே இந்தக் கேள்விக்கு அரை மணித்தியாலம் கொடுங்கள், அவசரப்படுத்தாதீர்கள், நடுவில் "ஆனால் ஆசிரியர் சொல்ல வந்தது" என்று யாராவது தொடங்கினால் பிறகு பார்ப்போம் என்று நிறுத்துங்கள்.

இனி மந்திரத்துக்கு வருவோம். அடிதடி நடக்கும் இடம் இது. நோய்ப் பகுதி உண்மை போல இருக்கிறது, வித்தை வந்ததும் சிறுபிள்ளைக் கதையாகிவிட்டது என்ற முறைப்பாட்டை நீங்கள் கட்டாயம் கேட்பீர்கள். அதற்கு எதிர்வாதம் செய்ய வேண்டாம். ஒரு தாளை எடுத்து ஆறு சொற்களை எழுதிச் சுற்றில் விடுங்கள்: மந்திரம், வித்தை, வரம், அருள், சூனியம், மாயம். ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் மேஜிக் என்று ஒரே சொல்லைப் போட்டுவிட்டுப் போகலாம். தமிழில் கதைக்கிற நமக்கு அந்த வசதி இல்லை, அது நல்லதுக்குத்தான். வித்தை என்றால் ஒருவரிடம் பழகியது. வரம் என்றால் கேட்டு, தவமிருந்து பெற்றது, அதற்கு நிபந்தனை இருக்கும். அருள் கேளாமலே ஆள்மேல் வருவது, வந்தவருக்கு அதில் பெருமை கிடையாது. மந்திரம் சொல்லில் இருக்கிறது, சொல் பிசகினால் போச்சு. மாயம் கண்ணை ஏமாற்றுவது. சூனியம் இன்னொருவரைக் கெடுக்கச் செய்வது. இப்போது ஒவ்வொரு பாத்திரமாக எடுத்து, இவளிடம் இருப்பது இதில் எது, எந்தப் பக்கத்தைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள்.

எங்கள் கூட்டத்தில் தொட்டுக் குணமாக்கும் பெண்ணைப் பற்றி ஒருவர் வரம் என்றார். இல்லை, அவள் கேட்கவேயில்லையே, அருள் என்றார் இன்னொருவர். மூத்த ஆன்ரி ஒருவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தன்ர பிள்ளையைக் காப்பாத்த முடியாமப் போனபிறகு வந்தது எப்படிப் பிள்ளை அருளாகும்" என்றா. மந்திரம் கதையைக் கெடுத்துவிட்டது என்று முதலில் சொன்னவரே அதற்குப் பிறகு முப்பது பக்கம் பின்னால் போய் அந்த இடத்தைத் திரும்ப வாசித்தார். இந்த ஒரு பயிற்சியை மட்டும் செய்தாலும் போதும் என்று சொல்வேன். நாவல் பலவீனமாக இருந்தால் அதுவும் இங்கே வெளிச்சத்துக்கு வந்துவிடும்: எல்லாப் பாத்திரத்துக்கும் எந்தச் சொல்லும் பொருந்துகிறதென்றால், ஆசிரியர் யோசிக்காமல் சக்தியை அள்ளிக் கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம்.

நோயும் தெய்வமும் சேர்ந்து வருவது நமக்குப் புதிதில்லை என்பதையும் எடுத்து வையுங்கள், அப்போது உண்மை போல இல்லை என்கிற பேச்சு குறையும். உடம்பில் கொப்புளம் போட்டால் அம்மாள் வந்திருக்கிறா என்று வேப்பிலை கட்டின வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். மட்டக்களப்புப் பக்கம் வைகாசியில் கண்ணகி அம்மனைக் குளிரவைக்கும் குளிர்த்திச் சடங்கு நடக்கிறது. அதே கண்ணகியைச் சிங்களவர்கள் பத்தினி தெய்வமாக வணங்கி, நோய் நொடி நீங்க வேண்டுகிறார்கள். தெற்கில் சிங்களவர்கள் நோயோட்ட ஆடும் ஆட்டத்தில் சன்னி என்ற பதினெட்டு நோய்ப் பேய்களுக்குப் பதினெட்டு முகமூடி உண்டு, ஒவ்வொன்றும் ஒரு வருத்தம். இதெல்லாம் பழசு என்று யாராவது சொன்னால் 2020 டிசம்பரை ஞாபகப்படுத்துங்கள். காளி அம்மன் சொன்ன மருந்து என்று கேகாலையில் ஒருவர் தேனும் சாதிக்காயும் சேர்த்த பாணி கொடுத்தார், கூட்டம் கூடக்கூடாது என்ற விதிகளையெல்லாம் மறந்து ஆயிரக்கணக்கில் சனம் வரிசையில் நின்றது. அதற்கு முந்தின மாதம் சுகாதார அமைச்சரே மந்திரித்த தண்ணீர்க் குடத்தை ஆற்றில் விட்டார். அந்தப் பாணியையும் அவர் குடித்தார், 2021 ஜனவரியில் அவருக்கும் தொற்று வந்தது. வரிசையில் நின்றவர்களைப் பார்த்துச் சிரிக்க இதைச் சொல்லவில்லை. தடுப்பூசி வராத நேரத்தில் பயந்துபோன சனம் அது, எங்கள் மாடியிலேயே ஒருவர் போய் வாங்கி வந்தார். நாவலில் குணமாக்கும் பெண்ணின் வாசலில் சனம் முண்டியடிக்கும் காட்சி வரும்போது, அந்த வரிசையில் நீங்கள் நின்றிருப்பீர்களா என்று ஒவ்வொருவரையும் கேட்டுப் பாருங்கள். உண்மையான பதில் வர நேரம் எடுக்கும்.

அப்புறம் பழியைப் பற்றிக் கதையுங்கள். இதைத் தவறவிடவே கூடாது. சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரையில், கண்ணகி மதுரையை எரித்தபின் பாண்டிய நாட்டில் மழை பொய்த்து, வெப்பு நோயும் குருவும் தொடர்ந்ததாக வருகிறது. குரு என்றால் கொப்புளம். அவளைச் சாந்தப்படுத்தக் கொற்கையில் வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லரைக் கொன்று வேள்வி செய்கிறான், நோய் நீங்குகிறது. அதே இடத்தில்தான் இலங்கைக் கயவாகு அவளுக்குக் கோயில் எடுத்த செய்தியும் இருக்கிறது. பொய் சொன்ன பொற்கொல்லன் ஒருவன், செத்தது ஆயிரம் பேர். ஆகவே எந்த நாவலை எடுத்தாலும் நான் கேட்கும் கேள்வி: இதில் பொற்கொல்லர்கள் யார்? பெரும்பாலும் வித்தை வந்தவர்களையே நோய்க்குக் காரணம் என்று வேட்டையாடுவார்கள், அதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஆசிரியரே கதையை நகர்த்த யாரைப் பலி கொடுத்திருக்கிறார் என்று பாருங்கள், அங்கேதான் வாசகர்கள் பிரிவார்கள்.

எங்களுக்கு இந்தக் கேள்வி வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. 2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையில் தொற்றுப் பரவியபின் மீன்காரரைக் கண்டு சனம் ஒதுங்கியதை ஒருவர் சொன்னார். மாளிகாவத்தையிலிருந்து வரும் நண்பர் நாவலில் உடல்களை எரிக்கும் இடத்தில்தான் மூடி வைத்தேன் என்றார். 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை கொவிட்டில் இறந்த முஸ்லிம்களையும் கட்டாயமாக எரித்தார்கள், பிறகுதான் ஓட்டமாவடியில் அடக்க விட்டார்கள். அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஹட்டனிலிருந்து வந்து இங்கே வேலை செய்யும் தங்கை, தமிழ்நாட்டு மண்டபம் முகாமில் இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்களை நோய்க்குப் பயந்து நாட்கணக்கில் தடுத்து வைத்த கதையைத் தன் பாட்டி வழியாகச் சொன்னா. நாவலின் தடுப்பு முகாம் அத்தியாயத்தை நான் வேகமாகப் புரட்டியிருந்தேன், அவ சொன்னபின் திரும்பப் போய் ஒழுங்காக வாசித்தேன்.

இப்படிக் கதைக்கும்போது யாராவது அழுவார்கள். அழட்டும். தண்ணீர் கொடுங்கள், பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்தால் போதும், உடனே அடுத்த கேள்விக்குத் தாவ வேண்டாம், ஆறுதல் சொல்கிறேன் என்று நீட்டவும் வேண்டாம். ஒன்றும் சொல்ல விருப்பமில்லாதவரைச் சொல்லச் சொல்லிக் கேட்கக் கூடாது என்பது எங்கள் ஒரே கட்டாய விதி. அன்றைக்குப் பாதியில் போன அக்கா மூன்றாவது கூட்டத்துக்குத் திரும்பி வந்தா, அதிலும் ஒன்றும் கதைக்கவில்லை, ஆனால் கடைசி வரைக்கும் இருந்தா.

முடிவு பிடிக்கவில்லை என்கிற பேச்சைப் பத்து நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள். இந்த நாவல்கள் பெரும்பாலும் தொடரின் முதல் பாகமாக இருக்கும், முடிவு முடிவே இல்லை.

கதைத்ததை எழுத விரும்பினால் அன்றிரவே எழுதுங்கள், மறுநாள் ஆறிவிடும். கதைச் சுருக்கத்துக்கு மூன்று வசனம் போதும். பிறகு நீங்கள் மூடி வைத்த பக்கம், அங்கே வந்த நினைவு, ஆறு சொல்லில் நீங்கள் எடுத்த சொல், அதை மாற்றிக்கொண்டீர்களா என்பது. இன்னொருவர் சொன்ன சொந்தக் கதையை அவரைக் கேட்காமல் எழுதாதீர்கள். நட்சத்திரம் போட்டு மதிப்பெண் கொடுக்கும் பழக்கத்தை நாங்கள் விட்டுவிட்டோம், ஆன்ரியின் ஒரு வசனத்துக்கு எத்தனை நட்சத்திரம் போடுவது?

பிரதி விஷயத்துக்கு வருகிறேன். இந்தமுறை ஒரே ஒரு புத்தகத்தை வாங்கிச் சுற்றில் விட்டிருக்கிறோம். வாசிப்பவர் மூடி வைத்த இடத்தில் ஒரு சின்னச் சீட்டை வைத்து, அதில் ஒரு சொல் மட்டும் பென்சிலால் எழுத வேண்டும், பெயர் போடக்கூடாது. அடுத்தவர் தன் சொல்லை எழுதும்வரை பழைய சீட்டைத் திருப்பிப் பார்க்கக்கூடாது. புத்தகம் இப்போது கொட்டாஞ்சேனையில் ஐந்தாவது ஆளிடம் இருக்கிறது. 212ஆம் பக்கத்தில் மூன்று சீட்டு சேர்ந்துவிட்டதாம். வருகிற போயாவுக்குத்தான் திறப்போம்.