லண்டனுக்கு அப்பால்: டர்ஹம், லிங்கன், வெல்ஸ்

பிரிட்டன் பயணத்தில் லண்டனோடு நின்றுவிடாமல் வடகிழக்கு இங்கிலாந்திலுள்ள டர்ஹம் நகருக்கும் ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து எடின்பரோ செல்லும் ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் அங்கு சென்றடையலாம். பயணச்சீட்டை முன்கூட்டியே வாங்கினால் கட்டணம் பெரும்பாலும் குறையும். 1093இல் கட்டத் தொடங்கப்பட்ட பேராலயத்தின் உள்ளே, பருத்த தூண்களில் செதுக்கப்பட்டுள்ள சாய்சதுரக் கோலங்களையும் நெளிகோடுகளையும் நின்று நிதானமாகப் பாருங்கள்; பிறகு வியர் ஆற்றங்கரைப் பாதையில் இறங்கி, மேட்டின்மீது எழுந்து நிற்கும் கோபுரங்களை அண்ணாந்து பார்க்கும்போதுதான் அப்பேராலயத்தின் முழுக் கம்பீரமும் புலப்படும்.

லிங்கன் நகரக் கோட்டையில், மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு விதித்த 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டா சாசனத்தின் மூலப்படிகளுள் ஒன்று வைக்கப்பட்டுள்ளது. அங்கு ஏறும் தெரு மிகவும் செங்குத்தானது என்பதால் முதியோருடன் செல்பவர்கள் பேருந்திலோ டாக்சியிலோ செல்வது நல்லது.

தென்மேற்கு இங்கிலாந்திலுள்ள சிறிய பேராலய நகரமான வெல்ஸுக்கு (வேல்ஸ் நாடு அல்ல) ரயில் கிடையாது. பிரிஸ்டலிலிருந்தோ பாத் நகரிலிருந்தோ பேருந்தில்தான் செல்ல வேண்டும். எனவே, திரும்புவதற்கான கடைசிப் பேருந்தின் நேரத்தை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.