ஏழு மணிக்கு மாறிய வகுப்பு

2020 ஜூனில் என் மூன்றாம் வகுப்பில் 23 பிள்ளைகள். கொரோனாவால் பள்ளி பூட்டிக் கிடந்தது. ஆர்வக்கோளாறில் காலை பத்து மணிக்கு வீடியோ வகுப்பு வைத்தேன். வந்தது நாலு பேர். அதில் ஒருவனுக்கு நெற்றி மட்டும் தெரிந்தது.

விசாரித்தால், வீட்டுக்கு ஒரு போன்தான், அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது. சரி, தப்பு என் நேரத்தில்தான். வீடியோவை விட்டுவிட்டு, இரவு ஏழு மணிக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு நிமிடக் குரல் பதிவு அனுப்ப ஆரம்பித்தேன். டேட்டாவும் அதிகம் தின்னாது.

கடன் வாங்கிக் கழித்தல்தான் பெரும்பாடு. விளக்குமாற்றில் ஈர்க்குச்சி உருவி, பத்துப் பத்தாகக் கட்டச் சொன்னேன். 52-இல் 27 போகணுமா? இரண்டு உதிரிக் குச்சியிலிருந்து ஏழு குச்சி எடுக்க முடியாது. ஒரு கட்டை அவிழ்த்தால் உதிரி பன்னிரண்டு. "டீச்சர், அவுத்துட்டேன், இருபத்தஞ்சு!" என்று ஒரு பதிவு வந்தது, பின்னணியில் குக்கர் விசிலோடு. விளக்குமாறு இளைத்த கதையை அம்மாக்கள் தனியாகச் சொன்னார்கள்.

போனே இல்லாத ஐந்து பேரைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சேர்த்துவிட்டேன். கல்வித் தொலைக்காட்சி இருந்தது, ஆனால் அதனிடம் சந்தேகம் கேட்க முடியாதே.

2021 நவம்பர் 1-ஆம் தேதி பள்ளி திறந்தபோது அவர்கள் நான்காம் வகுப்பு. இரண்டு பேர் பையில் அந்தக் குச்சிக் கட்டுகள் இன்னும் இருந்தன.