பெரிய கப்பலில் எந்த கேபினைப் பிடிப்பது?

நான் கப்பல் என்ஜின் ரூமில் வேலை பார்த்தவன். அதனால் சொந்தத்தில் யார் குரூஸ் (உல்லாசக் கப்பல் பயணம்) கிளம்பினாலும் "எந்த கேபின் போடலாம்?" என்று போன் வந்துவிடும். விலையை அப்புறம் பாருங்கள். முதலில் டெக் பிளானை, அதாவது கப்பலின் ஒவ்வொரு தளத்தின் வரைபடத்தை எடுத்து, உங்கள் அறைக்கு மேலே என்ன, கீழே என்ன என்று பாருங்கள்.

ஓயாசிஸ் ஆஃப் தி சீஸ் கப்பலையே எடுத்துக்கொள்வோம். பின்லாந்தின் துர்க்குவில் கட்டி 2009-ல் ஓடத் தொடங்கியது. நீளம் சுமார் 361 மீட்டர். பின்முனையின் அடியில் தலா 20 மெகாவாட்டில் 3 அசிபாட்கள். மோட்டாரை வயிற்றில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கமும் திரும்பும் ப்ரொப்பல்லர்கள் அவை. தனியாகச் சுக்கான் கிடையாது. முன்பக்கம், கப்பலைப் பக்கவாட்டில் தள்ள 4 பௌ த்ரஸ்டர்கள், தலா 5.5 மெகாவாட். துறைமுகத்தில் கப்பலைக் கரையோடு கட்டும்போது இவற்றுக்கு முக்கிய வேலை. அது பெரும்பாலும் விடிகாலை. முன்பக்கக் கீழ் டெக்கில் படுத்திருப்பவருக்கு அலாரம் தேவையில்லை, கட்டிலே எழுப்பிவிடும்.

தலைசுற்றல், வாந்தி பயம் இருந்தால் நீளவாக்கில் நடுவில், முடிந்தவரை கீழே போடுங்கள். முன்னும் பின்னும் ஏறி இறங்கும்போது சீசா பலகை மாதிரி நடுப்பகுதிதான் குறைவாக அசையும். பக்கவாட்டு ஆட்டம் மேலே போகப் போகக் கூடும். ஸ்டெபிலைசர் துடுப்புகள் அதைத்தான் அடக்கும். முன்பின் ஆட்டத்துக்கு அவற்றால் பெரிய பலன் இல்லை.

நீச்சல்குள டெக்குக்கு நேர் கீழே வேண்டவே வேண்டாம், காலையிலேயே நாற்காலி இழுப்பார்கள். மேலேயும் கீழேயும் கேபின்களே இருக்கும் டெக்தான் நிம்மதி. உயிர்காப்புப் படகுகளுக்கு நேர் மேலே பால்கனி எடுத்தால், குனிந்து பார்க்கையில் கடலுக்குப் பதில் படகின் கூரை தெரியும். இந்தக் கப்பலில் நடுவே திறந்தவெளிப் பூங்காவைப் பார்த்த பால்கனிகளும் உண்டு. காற்று அடிக்காது, ஆனால் எதிர் அறைக்காரர் உங்களைப் பார்ப்பார். திரைச்சீலை போட்டுக்கொள்ளுங்கள்.

கேபின்களைக் குளியலறையோடு தொழிற்சாலையில் செய்து, பெட்டி பெட்டியாக உள்ளே தள்ளிப் பொருத்துவார்கள். எனவே ஒரே வகை அறைகளுக்குள் வித்தியாசம் கொஞ்சம்தான். கூடுதல் காசு, அறை கப்பலில் எங்கே இருக்கிறது என்பதற்குத்தான். சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு. காந்தக் கொக்கி நாலு எடுத்துப்போனால் ஈரத்துணி தொங்கவிடலாம்.

'கேரண்டி' என்று மலிவாக விற்பதில் அறையைக் கம்பெனியே ஒதுக்கும். அதை வாங்கினால் மேலே சொன்ன எதுவும் உங்கள் கையில் இல்லை. அப்புறம், கழிப்பறை வாக்குவத்தில், அதாவது காற்றை உறிஞ்சி இழுப்பது. வெட் வைப்ஸ் (ஈரத் துடைப்புத் தாள்) போடாதீர்கள். அடைத்தால் அக்கம்பக்கத்து அறைகளின் கழிப்பறைகளும் சேர்ந்து நின்றுவிடும், நடுராத்திரியில் குழாயைக் கழற்ற வருவது எங்கள் ஆட்கள்தான்.