ஜக் ரசல் நாய் வரமுன் வளவைத் தயார்படுத்துவது எப்படி?

உயரம் 25 முதல் 30 சென்ரிமீற்றர், நிறை 5 அல்லது 6 கிலோ. பார்த்தால் மடிநாய் மாதிரித்தான் இருக்கும். ஆனால் ஜக் ரசல் டெரியர், இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஜோன் ரசல் என்ற பாதிரியார் 19ஆம் நூற்றாண்டில் நரிவேட்டைக்கு வளர்த்த நாய்களின் வழிவந்தது. வளைக்குள் நுழைந்து நரியை வெளியே கிளப்புவதுதான் அதன் தொழில். உடம்பு பெரும்பாலும் வெள்ளையாக இருப்பதும் நரியென்று யாரும் மாறி எண்ணாமல் இருக்கத்தான்.

ஆகவே இது தோண்டும், குரைக்கும், ஓடுகிற எதையும் துரத்தும். அடித்தால் பயம் வருமே தவிர, குணம் மாறாது. தோண்ட ஓரிடம் கொடுத்துவிட்டு மற்ற இடங்களை அடைத்துவிடுங்கள்.

படி 1: வேலி

கிளுவைக் கதியாலும் முள்ளுக்கம்பியும் மாட்டைத்தான் மறிக்கும். வேலியின் உட்பக்கத்தில் ஒன்றரை அடி அகலத்துக்கு, அரையடி ஆழத்துக்கு மண்ணை வெட்டி எடுங்கள். ஓரங்குலக் கண்ணுள்ள கோழிவலையை வேலியோடு கட்டி, அடிப்பகுதியை ‘ட’ எழுத்தைப் போல வளவுக்குள் மடித்துப் படுக்கவிட்டு, மண் போட்டு மிதியுங்கள். பலர் வலையை நேராகக் கீழே இறக்கிப் புதைக்கிறார்கள். நாய் இன்னும் ஆழமாகத் தோண்டி அடியால் போய்விடும். படுக்கவிட்டால் வேலியோரம் தோண்டும்போதே கால் வலையில் முட்டும். பின்னால் தள்ளி நின்று தோண்டலாம் என்று அதற்குத் தோன்றாது.

படலைக்குக் கீழே கல் பதியுங்கள். மாரி மழையில் மண் அரிக்கும், கார்த்திகையில் வேலியை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். நாலடி வேலியைப் பாய்ந்து தாண்டக்கூடிய நாய் இது. கட்டில்லாத கிணறு இருந்தால் அதையும் சுற்றி அடையுங்கள்.

படி 2: தோண்டும் குழி

வேப்பமர நிழலில் 4 அடி நீளம், 3 அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் குழி வெட்டி ஆற்றுமணல் நிரப்புங்கள். குட்டி பார்க்க, அவித்த கோழியிறைச்சித் துண்டு ஒன்றை இரண்டு அங்குல ஆழத்தில் புதையுங்கள். நாளுக்கு நாள் ஆழத்தைக் கூட்டலாம். காலையும் மாலையும் பத்து நிமிடம் போதும். வேறு இடத்தில் தோண்டினால் கத்தாதீர்கள், அதை விளையாட்டென்று எடுத்துக்கொள்ளும். பேசாமல் தூக்கிவந்து குழியில் விடுங்கள்.

படி 3: மண்ணில் இருப்பவை

எலி இதற்கு உயிர். வயலுக்கு வைத்த எலிப்பாஷாணத்தைத் தின்ற எலியைக் கடித்தால் நாய்க்கும் நஞ்சேறலாம். மருந்துப் பைக்கற்றோடு உடனே மிருக வைத்தியரிடம் ஓடுங்கள். எலி வளைக்குள் புடையனும் கிடக்கும். பாம்பு கடித்தால் கட்டுப்போடவோ கீறவோ வேண்டாம். நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள்.

கண்ணிவெடி இருக்கிறதென்று மண்டையோடு போட்டு வைத்த சிவப்புப் பலகைக்கு அப்பால் நாய் ஓடினால் ஒரு அடிகூடப் பின்னால் போகாதீர்கள். வெளியே நின்று கூப்பிடுங்கள். பழக்கமில்லாத இரும்பு எதையாவது கிளறி எடுத்தால் தொடாமல் பொலிஸின் 119 இலக்கத்துக்கு அறிவியுங்கள். வளவுக்கு வெளியே எப்போதும் கயிற்றில்தான்.

படி 4: சாப்பாடு

ஓடியாடும் 6 கிலோ நாய்க்கு ஒரு நாளுக்குச் சோறு 150 கிராம், முள்ளும் எலும்பும் நீக்கிய கோழி அல்லது மீன் 100 கிராம், அவித்த முட்டை ஒன்று, கொஞ்சம் பூசணி. இரண்டு வேளையாகப் பிரியுங்கள். உப்பு, வெங்காயம் சேர்ந்த கறிச்சோறு வேண்டாம். வெங்காயம் நாயின் செங்குருதிக் கலங்களை அழிக்கும். வீட்டுச் சாப்பாட்டில் கல்சியம் போதாது, வைத்தியரைக் கேட்டுச் சேருங்கள்.

படி 5: ஊசியும் உண்ணியும்

6 முதல் 8 கிழமையில் முதல் ஊசி, பிறகு 16 கிழமைவரை 3, 4 கிழமைக்கொருமுறை. மூன்று மாதத்தில் விசர்நாய்த் தடுப்பூசி. எலி பிடிக்கும் நாயென்பதால் எலிக்காய்ச்சல் ஊசியைக் கட்டாயம் கேளுங்கள்.

காது, கால்விரல் இடுக்கு, கழுத்துப்பட்டிக்கு அடி: தினமும் உண்ணி பாருங்கள். மாட்டுக்கு ஊற்றும் உண்ணி மருந்து கூடாது, அளவு கூடி வலிப்பு வரலாம். முரசு வெளிறி, சிறுநீர் கறுத்தால் அன்றைக்கே காட்டுங்கள்.

நடத்துவது காலை ஆறரைக்கு முன், மாலை ஐந்தரைக்குப் பின். புறங்கையைத் தார் வீதியில் ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் அதன் காலும் தாங்காது. வெயிலில் நாக்குத் தள்ளித் தள்ளாடினால் நிழலில் போட்டு, வயிற்றிலும் தொடையிடுக்கிலும் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். ஐஸ் வேண்டாம்.